பொருத்தக்காரரும் ஒரு பீப் சத்தமும்

கண்டியில் பஞ்சாங்கம் பார்க்காமல் கல்யாணம் செய்தவர்கள் உண்டு. பொருத்தக்காரரைப் பார்க்காமல் கேம் விளையாடக் கம்ப்யூட்டர் வாங்கியவர் ஒருவரும் இல்லை. அப்படி வாங்கினேன் என்று யாராவது சொன்னால் ஒன்று அவர் பொய் சொல்கிறார், இல்லாவிட்டால் அவருடைய கம்ப்யூட்டர் எப்போதோ புகைந்து போயிருக்கும்.

யுத்தம் உக்கிரமாக நடந்த வருடங்கள் அவை. பொருத்தக்காரர் கண்டி மஹய்யாவயில் ஒரு மாடியறையில் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். எந்த புரொசெசருக்கு எந்த கிராபிக்ஸ் கார்ட் ஒத்துப்போகும் என்று பார்த்துச் சொல்வதால் அந்தப் பட்டப்பெயர். பொருந்தாத சோடியைக் கேட்டு வந்தால் யாராக இருந்தாலும் படியிறக்கிவிடுவார். ஒரு நகைக்கடை முதலாளியையே அப்படி இறக்கினார் என்றால் பாருங்களேன்.

நானும் அவரிடம் மாட்டினேன். புசல்லாவையில் கணக்கு வாத்தியாராக இருந்துகொண்டு, கார் ஓட்டும் கேமுக்குப் பைத்தியமாக அலைந்தவன் நான். கட்டாரில் இருந்த மச்சான் ஒரு பெரிய கிராபிக்ஸ் கார்ட் அனுப்பியிருந்தான். அதைக் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு போய், மிச்சத்தை மலிவாகப் போட்டுத் தரச் சொன்னேன்.

"தம்பி, உந்தக் கார்ட் பந்தியில குந்தினா அண்டாச் சோறு தின்னும். உம்மட புரொசெசர் தேக்கரண்டியால பரிமாறிக்கொண்டு நிக்கும். ரெண்டுக்கும் சண்டைதான் வரும்."

"அப்ப என்ன பண்றது அண்ணே?"

"உந்தக் கார்ட்டை வித்துப்போட்டுச் சின்னக் கார்ட் எடுப்பம். மிச்சக் காசில நல்ல புரொசெசர். ஓமெண்டாச் செய்யிறன். இல்லையெண்டா வெளிக்கிடும்."

மச்சானுக்கு இன்றுவரை தெரியாது.

சோடி சேர்த்த பிறகும் பெட்டியைத் தர மாட்டார். இரண்டு நாள் திறந்தபடி ஓடவிட்டு, பக்கத்திலேயே சாப்பிட்டுக்கொண்டு, காய்ச்சல் பார்ப்பதுபோல் புறங்கையை வைத்து வைத்துப் பார்ப்பார். பஸ் குலுக்கலில் கார்ட் கழன்றுவிடும் என்று தானே மடியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பார். ஆனால் கண்டிக்குள் மட்டும்தான். வெளியே சோதனைச் சாவடிகள் இருந்தன. அவருடைய அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம் இருந்தது.

பள்ளிக்கூட லீவுக்குள் எனக்கு அது வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். நானே கொண்டுபோகிறேன் என்றேன். அவர் என் கைகளைப் பார்த்தார். நம்பிக்கை வரவில்லை போலும்.

"நானே வாறன்."

வேண்டாம் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். என் ஆசை வாயை அடைத்துவிட்டது.

கம்பளை தாண்டியதும் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். எல்லோரும் இறங்கி வரிசையில் நின்றோம். பெட்டியைத் திறக்கச் சொன்னான் ஒரு சிப்பாய். அவர் திறந்தார். உள்ளே ஒரே வயர். சிப்பாய் கார்டைப் பிடுங்கக் கையை நீட்டினான்.

வெறுங்கையால் தொட்டால், உடம்பிலுள்ள மின்சாரம் பாய்ந்து கார்ட் செத்துவிடும் என்பது அவருடைய வேதவாக்கு. தொழிலுக்காகக் கற்ற அரைகுறைச் சிங்களத்தில் கத்தினார்:

"அத்த தியன்ட எப்பா!"

கை வைக்காதே என்று அர்த்தம். சோதனைச் சாவடியில், யாழ்ப்பாணத்து மனுஷன், வயர் நிறைந்த பெட்டியைக் காட்டிச் சொல்கிற வார்த்தையா அது? சிப்பாய் பின்னால் பாய்ந்தான். துப்பாக்கிகள் நிமிர்ந்தன. பயணிகள் தேயிலைக்குள் ஓடினார்கள். பஸ் டிரைவர் எல்லோருக்கும் முன்னால் ஓடினார். நான் வரிசையிலேயே நின்றேன்.

அதிகாரி வந்தார். எல்லோரையும் தூர நிறுத்திவிட்டு, பக்கத்துத் தேநீர்க் கடையில் அதைப் போட்டுக் காட்டச் சொன்னார். பொருத்தக்காரர் தனியாகப் போனார். உடம்பு மின்சாரம் இறங்கட்டும் என்று முதலில் பெட்டியின் இரும்பை ஒரு தரம் தொட்டார். கார்டை அமுக்கிப் பார்த்தார். பிறகு சுவிட்சைப் போட்டார்.

"பீப்!"

இரண்டு சிப்பாய்கள் குப்புற விழுந்தார்கள். அவர் மட்டும் முகம் மலர்ந்து என்னைப் பார்த்துக் கத்தினார்: "ஒருக்காத்தான் கத்தினது தம்பி! மூண்டு தரமெண்டாத்தான் கார்ட்டில பிழை!"

பெட்டி தப்பியது. ஆள் தப்பவில்லை. அதிகாரி அவருடைய அடையாள அட்டையை வைத்துக்கொண்டு அவரை ஜீப் பக்கம் நிறுத்தினார். அந்த நாட்களில் ஜீப்பில் ஏறியவர்களில் சிலர் திரும்பி வரவில்லை. என் கேமுக்காக ஒரு மனுஷனைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டேனே!

"இவன் உனக்கு யார்?" என்று அதிகாரி என்னிடம் சிங்களத்தில் கேட்டார்.

"அண்ணன்."

"பெயர்?"

அப்போதுதான் உறைத்தது. எனக்கு அவருடைய பெயர் தெரியாது. கண்டியில் யாருக்குமே தெரியாது. அட்டை அதிகாரியின் கையில். பொருத்தக்காரர் தலை குனிந்து நின்றார்.

"சேர், எங்க ஆக்கள்ல அண்ணன் பெயரைச் சொல்ல மாட்டோம். அண்ணே என்றுதான் கூப்பிடுவோம்."

அதிகாரி என் புசல்லாவை அட்டையையும் வாங்கி, அவருடைய யாழ்ப்பாண அட்டைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நானும் என் அண்ணன் பெயரைச் சொன்னதில்லை," என்றார். அட்டைகளை என்னிடம் நீட்டினார். "கூட்டிக்கொண்டு போ. இனிமேல் இந்தப் பக்கம் கூட்டி வராதே."

பஸ்ஸில் ஏறி அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் பெட்டியை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்திருந்தார். அட்டையைத் திருப்பிப் பார்க்காமல் அப்படியே அவரிடம் கொடுத்தேன்.

"அண்ணே, உங்க பேரு என்னங்க?"

சொன்னார். நல்ல பெயர். இங்கே எழுதலாம்தான். ஆனால் அண்ணன் பெயரைச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.