முப்பத்தெட்டு மார்க் வீடு

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு, இளைய மருமகள் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் பிள்ளையும் குழந்தையும் நலம். அங்கு தாங்களும் அத்தையும் மூத்தவர் குடும்பமும் நலமாயிருக்க வேண்டும். அத்தையின் முட்டிவலி எப்படி இருக்கிறது? மூத்தவர் வீட்டு மூன்று மாடியை ஏறி இறங்கி இன்னும் மோசமாகியிருக்கும் என்று தெரிந்தேதான் கேட்கிறேன். பணிவு இத்துடன் முடிந்தது. இனி கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

உங்கள் கடிதம் கிடைத்தது. கல்லூரியில் பாடம் நடத்துவதை விடு, இல்லாவிட்டால் நம் வீட்டைக் கட்டுவதை விடு, ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் வைத்தவள் கட்டும் வீட்டில் குடியிருக்க முடியாது, மாதக் கடைசிக்குள் பதில் வராவிட்டால் காண்டிராக்டர் பக்கத்துத் தெருவில் கட்டிய அதே வீட்டை நமக்கும் கட்டிவிடுவார் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் விடமாட்டேன் மாமா. பதில் அவ்வளவுதான். ஆனால் நடந்ததை நீங்கள் போட்டோவில் பார்த்ததோடு சரி, என் வாயால் கேட்கவில்லை, அதனால் சொல்கிறேன்.

இந்தப் பருவத்தில் மாணவர்களுக்கு ‘வயதான தம்பதிக்கு ஒரு வீடு’ என்று பிளான் வரையக் கணக்குக் கொடுத்திருந்தேன். வேறு இடம் தேடச் சோம்பல்பட்டு நம் மனையின் அளவையே கொடுத்தேன். யார் வரைந்தது என்று தெரிந்தால் கை இளகிவிடும் என்பதால் பெயரைத் தாளின் பின்பக்கம்தான் எழுத வேண்டும், அது என் வகுப்பின் சட்டம். அதே வாரம் உங்கள் வீட்டு பிளானையும் நான் கிறுக்கிக் கொடுக்க, என் கட்டட ஆபீஸில் சுத்தமாக வரைந்து அனுப்பியிருந்தார்கள், அதில் என் கையெழுத்தில் ஓர் எழுத்தும் இல்லை. எல்லாம் சாப்பாட்டு மேஜையில் கிடந்தன. விருந்தாளி வருகிறார் என்றதும் உங்கள் பிள்ளை, கல்யாணமான நாளிலிருந்து ஒரு டம்ளரை எடுத்து வைக்காதவர், அன்று பார்த்துப் பொறுப்பு வந்து எல்லாத் தாளையும் ஒரே கட்டாகச் சேர்த்து அடுக்கிவிட்டார். நான் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதில் ஒன்றைப் பார்த்ததும் எனக்கு எரிச்சல் வந்தது. ‘முட்டிவலிக்காரருக்கு எதற்கு இத்தனை படி? இதை வரைந்தவர் வாழ்க்கையில் ஒருமுறையாவது மாடி ஏறியதுண்டா? வீட்டில் இருவர் என்பது ஞாபகம் இருக்கிறதா?’ என்று எழுதி முப்பத்தெட்டு மார்க் போட்டேன். பாஸ் மார்க் ஐம்பது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள், இந்தக் காக்கைக்குத் தன் குஞ்சு அடையாளமே தெரியவில்லை. அது நம் வீட்டு பிளான் என்று உங்கள் பிள்ளைக்கு மட்டும் தெரிந்தது. சிவப்பு மையைக் கவனிக்காமல் போட்டோ எடுத்து, ‘அப்பா, உங்க வீடு ரெடி’ என்று குடும்பக் குழுவில் போட்டுவிட்டார். நீங்கள் தணிக்கை அதிகாரியாக இருந்தவர், பெரிதாக்கிப் பார்க்காமல் விடுவீர்களா?

மறுநாள் வகுப்பில் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். நாற்பத்திரண்டு வாங்கிய பெண் எழுந்து, “அப்ப நான் உங்களைவிட நல்லா வரைஞ்சிருக்கேனா மேடம்?” என்றாள். ஆமாம் என்றேன். கடைசி பெஞ்சிலிருந்து, “உங்களுக்கு மறுமதிப்பீடு உண்டா மேடம்?” என்று குரல் வந்தது. இல்லை என்றேன். பிறகு என் பிளானைச் சுவரில் ஒட்டி, அவர்கள் நிற்கிற இடத்தில் என்னை நிற்க வைத்து ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள். படியை எங்கே திருப்பலாம், எவ்வளவு அகலமாக்கலாம் என்று நான் விளக்கிக்கொண்டிருக்க, அந்த நாற்பத்திரண்டு, “மாடியில என்ன இருக்கு?” என்றாள். மாமனாருக்குப் படிக்கிற அறை என்றேன். “அதை மாமியார்கிட்ட கேட்டீங்களா?” என்றாள். எல்லாம் முடிந்ததும் கல்லூரி முதல்வர் கூப்பிட்டனுப்பி, “வெளியில கட்டடம் கட்டறதாலதான் இந்தக் குழப்பம். அதை விட்டுடுங்க” என்றார். நீங்கள் இதை விடு என்கிறீர்கள், அவர் அதை விடு என்கிறார். இரண்டு பேர் சொல்லையும் கேட்டால் நான் வீட்டில் சும்மா உட்கார வேண்டியதுதான்.

அன்றைக்கே அத்தைக்குப் போன் செய்தேன். “மாடியில ரூம் கட்டினா இவர் மேல போய் உக்காந்துக்கிட்டு காபி காபின்னு கூப்பிடுவார். யார்மா கொண்டுபோறது? சொன்னா கோச்சுக்குவாருன்னு சும்மா இருந்தேன்” என்றார்கள். மாடி அறை வேண்டும் என்று நீங்கள் சொன்னீர்கள், மாமனார் சொன்னால் மறுக்கக்கூடாது என்று நான் வரைந்துவிட்டேன். வரைந்தது மருமகள், மார்க் போட்டது வாத்தியார். அந்த வாத்தியார் வேலையை விட்டிருந்தால் இந்நேரம் படி கட்டி முடித்திருப்பார்கள், அத்தை காபி டம்ளரோடு ஏறிக்கொண்டிருப்பார்கள். நீங்கள் ஊரார் கணக்கில் தப்புக் கண்டுபிடித்தே பென்ஷன் வாங்குகிறீர்கள். நான் என் கணக்கில் கண்டுபிடித்தால் மட்டும் வேலையை விடணுமா? காண்டிராக்டர் தன் வீட்டுக்கு எத்தனை மார்க் போட்டார் என்று கேட்டுப் பாருங்கள். ஆகவே, மாடி கிடையாது. படியே கிடையாது. கோபித்துக்கொள்வதானால் கோபித்துக்கொள்ளுங்கள், தரைத்தளத்தில் உட்கார்ந்து கோபித்துக்கொள்ளலாம். புது பிளானை இத்துடன் வைத்திருக்கிறேன். இதில் ஒரு குறையும் இல்லை, என் தொழில் மேல் ஆணை. புதன்கிழமையே அஸ்திவாரம் தோண்டச் சொல்லுங்கள்.

அத்தைக்கு என் அன்பு. மூத்தவர் பிள்ளைகளுக்கு முத்தங்கள். திட்டுவதாக இருந்தாலும் தங்கள் ஆசியை வேண்டும்,
இரண்டு வேலையும் பார்க்கும் மருமகள்.

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் பிளானை ஒருமுறை பார்த்தேன். கையில் சிவப்புப் பேனா இருந்தது, அதுதான் வினை. படிக்கிற அறையைக் கீழே கொண்டுவந்தேனே தவிர, அதன் கதவை நேராக அடுக்களைக்கு எதிரில் வைத்திருக்கிறேன். இனி நீங்கள் நாற்காலியை விட்டு எழாமலே, குரலைக்கூட உயர்த்தாமல் காபி கேட்கலாம். பிளானை வெளியே எடுத்துவிட்டேன், உறைக்குள் தேட வேண்டாம். புதன்கிழமை யாரும் மண்வெட்டியைத் தொடக்கூடாது. நாற்பத்தாறு மார்க் போட்டிருக்கிறேன். மறுபடி வரைகிறேன்.