இரண்டாம் மாடியில் விழுந்தவர்கள்

இரண்டாம் மாடியில் வேலை பார்க்கும் பதினேழு பேர் மூன்று மாதத்தில் நூற்று நான்கு முறை விழுந்திருந்தார்கள். ஒருவருக்கும் எலும்பு முறியவில்லை. ஒரு சிராய்ப்புகூட இல்லை.

கம்பி மூன்றாவது தடவையாகக் கூட்டிப் பார்த்தாள். நூற்று நான்குதான்.

கம்பி என்பது அம்மா வைத்த பெயர். சொன்னால் வளையமாட்டாள் என்ற கோபத்தில் வைத்து, பிறகு செல்லப்பெயராகிவிட்டது. எலும்பு நல ஆய்வு நிலையத்தின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில், அவள் தரவு ஆய்வாளர். குதிகாலை வைத்தால் எலும்பின் வலுவைச் சொல்லும் சின்னக் கருவி ஒன்று அங்கே இருந்தது. அது காட்டும் எண்ணோடு, அந்த ஆள் எத்தனை முறை விழுந்தார் என்பதையும் சேர்த்து, யாருக்கு எலும்பு முறியக்கூடும் என்று முன்கூட்டியே சொல்ல ஒரு கணக்குமுறையை மூன்று வருடமாக உருவாக்கிவந்தாள். ஆஸ்பத்திரிப் படி ஏற முடியாதவர்களின் வாசலுக்கே அதைக் கொண்டுபோக வேண்டும் என்பது அவள் ஆசை. தெருவுக்குப் போகுமுன் சொந்த அலுவலகத்தில் சோதித்ததில்தான் வந்தது வினை. கருவியைக் கேட்டால் பதினேழு பேருக்கும் நல்ல எலும்பு. கணக்குமுறையைக் கேட்டால் பதினேழு பேரும் தொண்ணூறு வயதுக் கிழங்கள்.

படிவத்தில் குற்றம் சொல்ல முடியாது. ஒரே பக்கம், பெயர்கூட எழுத வேண்டாம். 'கடந்த மூன்று மாதங்களில் கால் தவறித் தரையில் விழுந்தீர்களா?' என்று அவள் நீளமாக எழுதியிருந்ததை இயக்குநர்தான் சிவப்புப் பேனாவால் வெட்டி, 'எத்தனை முறை விழுந்தீர்கள்? எங்கே?' என்று சுருக்கிக் கொடுத்தார். விழுந்தால் விழுந்ததுதானே, அதற்கு எதற்கு இத்தனை வார்த்தை என்பது அவர் வாதம்.

'எங்கே' என்பதற்குப் பதினேழு பேரும் இரண்டாம் மாடி என்றே எழுதியிருந்ததால், தரை வழுக்குகிறது என்று முடிவானது. இரண்டாம் மாடித் தரையைப் பெயர்த்துச் சொரசொரப்பான கல் பதித்தார்கள். தூசி ஒத்துக்கொள்ளாமல் பாதிப் பேர் லீவு கேட்டுக்கொண்டு நின்ற மாதம் அது. மறுபடி படிவம் கொடுத்தாள். அந்த ஒரு மாதத்தில் மட்டும் ஐம்பத்தொன்று.

கல் சரிப்படவில்லை என்று, இயக்குநர் அறை உட்பட மாடி முழுக்கக் கனமான கம்பளம் விரித்தார்கள். அடுத்த மாதம் தொண்ணூறு.

இயக்குநர் அவளைக் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை ஆய்வுக் குழு வருகிறது. அன்றைக்குத்தான் அவளுடைய ஒப்பந்தமும் முடிகிறது.

"விழுந்த கணக்கை அப்படியே தூக்கிடுங்கம்மா. நம்ம ஆளுங்களே இப்படி விழுந்தா நம்ம கருவியை எவன் நம்புவான்?"

"அதைத் தூக்கிட்டா மிஞ்சுறது வெறும் கருவி, சார். என் கணக்கு செத்துப்போயிடும்."

"உங்க ஒப்பந்தமும்தான்" என்றார் அவர் அன்பாக.

அக்காவிடம் போனில் சொன்னபோது, கொஞ்சம் பணிந்து பேசினால் என்ன குறைந்துபோகும் என்று அவள் கேட்டாள். பஸ்ஸில் நின்றபடி கம்பி அதையே யோசித்தாள். வளையாமல் இருப்பது தைரியமா, இல்லை வளையத் தெரியாத ஒரு ஊனமா? இந்த எண்களை அவள் காப்பாற்றுகிறாளா, எண்களைச் சாக்காக வைத்துத் தன் பிடிவாதத்தைக் காப்பாற்றுகிறாளா? பதில் வருவதற்குள் இறங்கும் இடம் வந்துவிட்டது. ஆனால் அழிக்கப்போவதில்லை என்பது மட்டும் உறுதியாக இருந்தது.

மறுநாள் நூலகர் அவள் அறைக்குள் தலையை நீட்டினார். பதினைந்து வருடமாக இரண்டாம் மாடியில் இருப்பவர். "மேல வந்து நீயும் ஒரு தடவை விழுந்துடேன். எல்லாம் சரியாயிடும்."

கேலி செய்கிறார் என்று அவளுக்குச் சுருக்கென்றது. பார்த்துவிடலாம் என்று மாடிக்குப் போனாள். செருப்போடு நடந்தாள், செருப்பில்லாமல் நடந்தாள், வேகமாகத் திரும்பினாள், கண்ணை மூடிக்கொண்டு ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போனாள். தள்ளாட்டம்கூட வரவில்லை.

கூட்டிப் பெருக்கும் அம்மாள் துடைப்பத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னம்மா பண்றீங்க?"

"விழுந்து பார்க்கலாம்னு வந்தேன். முடியலை."

அந்த அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அது உங்களுக்கு வராதும்மா" என்றாள்.

வெள்ளிக்கிழமை. குழுவின் தலைவி நரைத்த தலையும் கறாரான குரலும் கொண்ட எலும்பு மருத்துவர். இயக்குநர் வழவழவென்று விளக்கி முடித்தார். விழுந்த கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தலைவி கண்ணாடியைக் கழற்றியபோது கம்பி எழுந்து நின்றாள்.

"ஒரு கணக்கை விட்டுட்டுச் சொல்றார், மேடம். பதினேழு பேர் மனசறிஞ்சு எழுதிக் கொடுத்தது. தரையை மாத்தினோம், கம்பளம் போட்டோம். ஏறிக்கிட்டே போகுது. ஏன்னு எனக்குத் தெரியலை. தெரியலைங்கறதுக்காக அழிக்க மாட்டேன். வேலை போனா போகட்டும்."

இயக்குநர் சிரித்து, அந்தப் பெண்ணுக்கு வேலைப் பளு என்றார். பதினேழு பேரும் அவரவர் குறிப்பேட்டைக் கவனமாகப் படித்தார்கள்.

தலைவி இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். எல்லோரும் அவர் பின்னால் நடந்தார்கள். நடைபாதைக் கம்பளம் போட்ட மேனிக்குப் புதிதாக இருந்தது. இயக்குநர் அறையில், அவர் நாற்காலிக்கு முன்னால் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வட்டமாக அமுங்கித் தேய்ந்திருந்தது. அங்கே கூட்டிக்கொண்டிருந்த அம்மாள் ஒதுங்கி நின்றாள்.

தலைவி குனிந்து கம்பளத்தை அழுத்திப் பார்த்தார். "இவ்வளவு மெத்துன்னு இருக்கே. இதுல போய் எப்படிம்மா விழறாங்க?"

"மெத்துன்னு இருக்கறதாலதாம்மா" என்றாள் கூட்டும் அம்மாள். "முன்னெல்லாம் ஐயா கால்ல விழுந்தா முட்டி வலிக்கும்."