உயிரோடு இருக்கிறவனுக்குப் பிரெஞ்சு ஒப்பாரி

அடி அண்ணாமலை,
திருவண்ணாமலை.

அன்புள்ள மச்சான் ராமகிருஷ்ணனுக்கு,

உன் அக்கா தங்கம்மாளின் கணவன் கண்ணாயிரம், இன்னும் மூச்சு விட்டுக்கொண்டு எழுதுவது. அண்ணாமலையார் கிருபையில் இங்கு மாடு கன்று சுகம். அங்கு நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன். போனில் பேசலாம்தான். நான் வாயைத் திறந்ததும் 'சிக்னல் இல்ல மாமா' என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

புதுச்சேரியில் பிரெஞ்சு வாத்தியாராக இருக்கிறோம், இருந்துவிட்டுப் போவோம் என்றில்லாமல், உன் சிநேகிதர் மகள் எழிலரசியை என் மாடி அறைக்கு வாடகைக்கு அனுப்பினாயே, யார் கேட்டது? பாரிசில் ராக் பாடகியாம். 'மத்தவங்க பாடின பழைய பாட்டெல்லாம் எடுத்து என் ஸ்டைல்ல பாடி ஆல்பம் போடப்போறேன் அங்கிள், பாதி தமிழ், பாதி பிரெஞ்ச்' என்றாள். ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்தால் சத்தம் கூடாது என்பார்கள், இங்கே சுற்றிலும் வயல்தானே என்று நானும் தலையாட்டித் தொலைத்தேன். கிதாரைக் கரண்டில் மாட்டி அவள் ஓர் இழுப்பு இழுத்ததும் என் கறவை மாடு பாலை அடக்கிக்கொண்டது. அதையும் பொறுத்தேன்.

அதோடு விட்டாளா? சினிமாவில் வராத பாட்டு ஒன்று வேண்டும் என்று உன் அக்காவைப் பிடித்துக்கொண்டாள். உன் அக்காவுக்குத் தெரிந்தது ஒப்பாரி ஒன்றுதான். எந்தத் தெருவில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாய்ப் போய் மாரடிப்பவள். 'வாழுற வூட்ல ஒப்பாரி பாடக்கூடாதும்மா' என்று முதலில் மறுத்தவள், அப்புறம் தானே ஒரு சட்டம் கண்டுபிடித்தாள். மாடி வாடகைக்கு விட்டதாம், அதனால் அது நம் வீட்டில் சேராதாம். ஏறிப் போய்விட்டாள். ஒப்பாரி என்றால் செத்தவர் பேரைச் சொல்லி அழ வேண்டும் இல்லையா? பிணத்துக்கு எங்கே போவது? என் பேரைப் போட்டுவிட்டாள்! கல்யாணமான நாள் முதல் என் பேரை அவள் வாயால் சொன்னதில்லை மச்சான். ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவளைச் சொல்லச் சொல்வாள். அப்படிப்பட்டவள் முதல்முதலாக என் பேரை எடுத்தது என் சாவுக்கு, அதுவும் டிரம்ஸ் அடியோடு.

அவள் பாரிசுக்குத் திரும்பிப் போனாள், ஆல்பம் வந்தது. கிரிவலப் பாதை டீக்கடையில் ஆளாளுக்குப் போனில் கேட்கிறார்கள். முதல் பாதி உன் அக்கா 'அய்யோ கண்ணாயிரம்' என்கிறாள், மறுபாதி அந்தப் பெண் பிரெஞ்சில் குய்யோ முறையோ என்கிறாள். செங்கத்திலிருந்து என் பெரியப்பா மகள் பாஞ்சாலை அக்கா மாலையோடு வந்து கேட்டருகே விழுந்து புரண்டாள். கேட்டைத் திறந்தது நான்தான். 'அடப்பாவி, உசுரோடவாடா இருக்க? நடவ வுட்டுட்டு ஓடியாந்தேனே!' என்று என்னையே திட்டினாள். சாவு மாலையைத் திருப்பி எடுத்துப்போகக் கூடாது என்று வேப்பமரத்தில் மாட்டிவிட்டுப் போனாள். மறுநாள் ஒரு வெள்ளைக்காரர் வந்து, பாட்டைக் கேட்டேன், கண்ணாயிரம் சமாதி எங்கே, கொஞ்சம் தியானத்தில் உட்கார வேண்டும் என்கிறார். இந்த ஊரில் சமாதிக்கா பஞ்சம், வேறு பார்த்துக்கொள்ளக் கூடாதா? 'நான்தாங்க கண்ணாயிரம்' என்றேன். மனுஷன் தடாலென்று என் காலில் விழுந்துவிட்டார். இப்போது அந்த வேப்பமரத்தடியில் ஒரு கூட்டமே கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறது. மாட்டைக் கட்ட இடமில்லை.

இதெல்லாம்கூடப் போகட்டும். என் வயிறு எரிவது எதற்குத் தெரியுமா? உன் அக்கா பாடியிருப்பதைக் கேள்:

தங்கத்தேரு போல நடந்துவரும் கண்ணாயிரம்
கோவம்னா என்னன்னு அறியாத கொணசாலி
நீ குடிச்ச சொம்ப நான் யாருக்குக் கொடுப்பேனோ

யாருக்கடா கோபம் தெரியாது? எனக்கா? மூட்டுவலியில் நொண்டுகிறவன் தேரா? உயிரோடு இருக்கிறவனிடம் 'சாப்டாச்சா, தட்ட எடுங்க' என்பதைத் தவிர ஒரு நல்ல வார்த்தை கிடையாது. செத்தால்தான் குணசாலியா? எந்தப் பிணத்துக்கும் இதே பாட்டைத்தானே பாடுகிறாள்? ஊருக்காக அழுகிற பொய்யை உலகம் பூராவும் போட்டு என்னை ஏன் கேவலப்படுத்த வேண்டும்? பௌர்ணமிக்குள் அந்தப் பாட்டை ஆல்பத்திலிருந்து எடுக்கச் சொல். எடுக்காவிட்டால் உனக்கும் எனக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. நிஜமாகவே நான் செத்தாலும் நீ வராதே.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உன் மனைவிக்கு அன்பு. உனக்கு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
இன்னும் அமரர் ஆகாத
கண்ணாயிரம்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் உன் அக்காவிடம் நேராகவே கேட்டுவிட்டேன், 'அதெல்லாம் சும்மா பாட்டுக்குத்தானே?' என்று. கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலையைக்கூடத் தூக்கவில்லை. 'மத்தவங்களுக்குப் பாடறதுதான் பாட்டுக்கு. உங்களுக்குப் பாடறப்போ பாதியில தொண்ட அடச்சிப்போச்சி. அப்புறம் நான் சொல்லச் சொல்ல அந்தப் பொண்ணுதான் அது பாஷையில பாடிச்சி' என்றாள். பாட்டை எடுக்க வேண்டாம். அந்தப் பிரெஞ்சுப் பாதியைத் தமிழில் எழுதி உடனே அனுப்பு மச்சான், ஒரு சொல்கூட விடாமல்.