ரெண்டு மணி நேர வாக்கிங்

வரலாறு வயிற்றில் குத்தியது. சட்டைக்குள் செருகியிருந்த பிளஸ் டூ வரலாற்று நோட்ஸின் முனை, தர்மராஜ் குனிந்து செருப்பை மாட்டும்போதெல்லாம் தொப்புளைப் பதம் பார்த்தது. மணி காலை ஐந்து.

"இந்நேரத்துக்கு எங்க கெளம்பிட்டீங்க?"

பின்னால் துர்கா நின்றிருந்தாள். பெண்டாட்டி திடீரென்று கேட்டால் புருஷன் வாயில் முதலில் வருவது பொய்தான். தர்மராஜுக்கும் அதுதான் வந்தது.

"வாக்கிங். சக்கரை லேசா இருக்குதாம். டாக்டரு நடக்கச் சொல்லிட்டாரு."

"எவ்ளோ நேரம்?"

"ஒரு மணி நேரம்."

துர்கா கொஞ்சம் யோசித்தாள். "பத்தாதுங்க. ரெண்டு மணி நேரமா நடங்க" என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டாள்.

இப்படி ஒரு மனைவியை ஏமாற்றுகிறோமே என்று தர்மராஜுக்கு உறுத்தியது. ஆனாலும் விறுவிறுவென்று நடந்தான். விருத்தாசலம் ஜங்ஷனில் பிளாட்பாரம் டிக்கெட் வாங்கி, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, முதலாம் பானிபட் போரைப் பிரித்தான்.

இந்தப் போர் அவனுக்கு வந்து சேர்ந்ததற்குக் காரணம் தரகர் பாலகிருஷ்ணன். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் கல்யாணப் பேச்சின்போது அவர் தர்மராஜின் காதோடு சொன்னார்: "கம்மாபுரத்துப் பொண்ணு பிளஸ் டூ பாஸு. ஒன்னயப் பத்தாவதுன்னு சொன்னா எடுபடாது. ஒன்னயும் பிளஸ் டூன்னு சொல்லிட்டேன். வாயத் தொறக்காத." தர்மராஜ் திறக்கவில்லை. மாமனார் இன்றுவரை கம்மாபுரம் பூராவும் "எம் மாப்ள பிளஸ் டூ" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்.

வீட்டில் இந்தப் பொய்யைக் காப்பாற்றுவது பெரிய பாடு. ஒன்பதாவது படிக்கும் மகள் தமிழினி கணக்கு நோட்டோடு வந்தால் அவன், "அம்மாகிட்ட கேளும்மா, அவங்க பிளஸ் டூ" என்பான். துர்கா, "கை வேலையா இருக்கேன், அப்பாகிட்ட கேளு. அவரும் பிளஸ் டூதான?" என்பாள். இரண்டு தடவை சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்துவிட்டுத் தமிழினி தானே போட்டுக்கொள்வாள். அதனால் கணக்கில் அவள்தான் வகுப்பில் முதல்.

தர்மராஜுக்கு செராமிக் எஸ்டேட்டில், ஃபியூஸ் கட்டை செய்யும் ஒரு சின்ன யூனிட்டில், சூளைப் பக்கம் வேலை. முதலாளி குருமூர்த்திக்கு அவன் பத்தாவது என்று தெரியும். போன தீபாவளிக்கு அவர் கூப்பிட்டுச் சொன்னார்: "சூப்பர்வைசர் எடம் காலியாவுது. நீதான் சரியான ஆளு. ஆனா வெளியிலேருந்து ஆளு வந்தா என்ன படிச்சிருக்காருன்னு கேப்பாங்க. மார்ச்சுல பிரைவேட்டா பிளஸ் டூ எழுது. பாஸ் பண்ணிட்டா எடம் ஒனக்கு. இல்லன்னா வேற ஆளத்தான் போடணும்."

ஆக, 2006 மார்ச்சுக்குள் எந்த வகுப்பிலும் உட்காராமல், எந்த வாத்தியாரையும் பார்க்காமல், முப்பத்தெட்டு வயதில் அவன் பிளஸ் டூ பாஸ் பண்ண வேண்டும். அதைவிடக் கஷ்டமான பரீட்சை, ஏற்கெனவே பாஸ் பண்ணிவிட்டதாக நம்பும் பெண்டாட்டிக்கு இது தெரியாமல் இருப்பது.

சர்க்கரை என்று சொன்ன அன்றைக்கே காப்பியில் சர்க்கரை நின்றது. மறுநாள் இட்லி போய்க் கேழ்வரகுக் கூழ் வந்தது. அதற்கு மறுநாள் பாகற்காய் சாறு. சொன்னது பொய் என்றாலும் குடித்தது நிஜம். பாபரிலிருந்து அக்பர் வரை படித்து முடிப்பதற்குள் தர்மராஜ் நான்கு கிலோ இளைத்துவிட்டான்.

ஒருநாள் காலையில் மழை பிடித்துக்கொண்டது. அரை மணியில் நனைந்து திரும்பியவன் கதவைத் தட்டினான். உள்ளே ஏதோ உருட்டும் சத்தம். வெகுநேரம் கழித்துத்தான் துர்கா திறந்தாள். முகத்தில் எரிச்சல்.

"ரெண்டு மணி நேரம்னு சொன்னமா இல்லியா?"

"மழ துர்கா."

"மழைக்கெல்லாம் சக்கரை கரைஞ்சிடாது. இந்தாங்க கொடை." குடையைக் கையில் திணித்துக் கதவைச் சாத்திவிட்டாள். தன் உடம்பின்மேல் அவளுக்கு இத்தனை அக்கறையா என்று தர்மராஜ் மழையிலேயே கண் கலங்கினான்.

நோட்ஸை வீட்டில் வைத்திருக்க நாளாக நாளாகப் பயம் வந்தது. தமிழினி கையில் கிடைத்தால் தீர்ந்தது. ஃபேக்டரியில், ஃபியூஸ் கட்டைகளை அடுக்கிச் சூளைக்குள் அனுப்பும் மண்பெட்டிகள் வரிசையாகக் கிடக்கும். மூலையில் இருந்த ஒரு காலிப் பெட்டியில் வரலாற்றை வைத்து, மேலே இன்னொன்றைக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போனான். மறுநாள் லோடு அதிகம். அடுக்குகிறவர்கள் மூலைப் பெட்டிகளையும் சேர்த்துச் சூளைக்குள் அனுப்பிவிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்துச் சூளையைத் திறந்தபோது, அந்தப் பெட்டிக்குள் ஒரு பிடி சாம்பல் இருந்தது. குருமூர்த்தி அதை எட்டிப் பார்த்தார்.

"என்னய்யா இது?"

"என் நோட்ஸு சார்."

"எந்தப் பாடம்?"

"வரலாறு சார்."

"சரி வுடு. அது எப்பவோ முடிஞ்சுபோன வெவகாரந்தான்" என்றார் முதலாளி.

விருத்தாசலத்தில் வாங்கினால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பஸ் பிடித்து மங்கலம்பேட்டை போய் வேறு நோட்ஸ் வாங்கிவந்தான். பஸ் லேட்டானதால் வீட்டுக்கு வர நேரமாகிவிட்டது. துர்கா கேட்பதற்கு முன்னாலேயே, "சக்கரைக்கு நாட்டு வைத்தியரப் பாத்துட்டு வரேன்" என்றான். அது அடுத்த வம்பில் கொண்டுபோய் விட்டது.

"நாட்டு வைத்தியமெல்லாம் வேணாம். ரத்தத்த டெஸ்ட் பண்ணிடுவோம்" என்று மறுநாளே அவனை லேபுக்கு இழுத்துப்போய்விட்டாள் துர்கா.

ரிப்போர்ட் வரும்வரை தர்மராஜ் பெஞ்சில் வேர்த்து வழிந்தான். இல்லாத சர்க்கரை ரிப்போர்ட்டில் எங்கிருந்து வரும்? லேப் அம்மா காகிதத்தை நீட்டிச் சொன்னார்: "எல்லாம் நார்மலா இருக்குதுங்க. சக்கரையே இல்ல."

தர்மராஜ் கண்ணை மூடிக்கொண்டான். முடிந்தது கதை.

"பாத்தீங்களா" என்றாள் துர்கா. "நடக்கப்போயிதான் எறங்கியிருக்குது. நிறுத்தினா ஏறிக்கும். ஞாயித்துக்கெழம சாயங்காலமும் சேத்து நடங்க."

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நல்லவேளை, நம் பெண்டாட்டி சூதுவாது தெரியாதவள் என்று நினைத்துக்கொண்டான்.

மிச்சமிருந்த ஒரே ஆபத்து ஹால் டிக்கெட். விண்ணப்பத்தில் வீட்டு முகவரியைத்தான் கொடுத்திருந்தான். தபால்காரர் சாமிக்கண்ணுவை வழியில் மடக்கி, "எம் பேருக்குப் பழுப்பு கவரு ஏதாவது வந்தா வூட்டுல குடுத்துடாதீங்க. ஃபேக்டரில வந்து எங்கிட்டயே குடுங்க" என்று கெஞ்சினான். சாமிக்கண்ணு அவனை ஒரு மாதிரியாகப் பார்த்து, வாயைத் திறந்து, மூடிக்கொண்டு, "ஆவட்டும் சார்" என்று சைக்கிளை மிதித்தார்.

பிப்ரவரி கடைசியில் ஒருநாள் மத்தியான ஷிப்டுக்கு வந்த பழமலை, சட்டையை மாற்றிக்கொண்டே சொன்னான். அவன் தர்மராஜின் தெருக்காரன்.

"அண்ணே, ஒங்க வூட்டுக்கு ஏதோ பரிட்ச ஆபீஸ் சீல் குத்துன பழுப்பு கவரு வந்துச்சு. அண்ணி வாங்கினாங்க, உள்ள போயி கதவச் சாத்திக்கிட்டாங்க."

தர்மராஜ் முதலாளியிடம் சொல்லிக்கொள்ளக்கூட நிற்காமல் சைக்கிளை எடுத்தான். வழியெல்லாம் கம்மாபுரத்து மாமனார் முகமே கண்முன் நின்றது. துர்கா பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பியிருப்பாள். பதினைந்து வருஷக் குடும்பம் ஒரு கவரில் போகப்போகிறது.

துர்கா கிளம்பவில்லை. கூடத்தில் மணைமேல் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தாள். மணைக்கு அடியில் பழுப்பு உறையின் ஓரம் தெரிந்தது. அவனைக் கண்டதும் எச்சில் விழுங்கினாள்.

"என்னங்க, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கோவப்படாம..."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நானே சொல்லிடறேன்" என்று தர்மராஜ் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்துவிட்டான். "நான் பிளஸ் டூ இல்ல துர்கா. பத்தாவதுதான். தரகரு சொன்ன பொய்யி அது. சக்கரையும் பொய்யி, வாக்கிங்கும் பொய்யி. ஜங்ஷன்ல ஒக்காந்து பிரைவேட்டா படிச்சேன். ஒன் மொகத்தப் பாக்க வெக்கமா இருக்குது."

துர்காவின் வாய் திறந்தபடி நின்றது. வெளிறியிருந்த முகத்தில் மெல்ல ரத்தம் திரும்பியது. பிறகு புடவையைச் சரிசெய்து, மணையை நன்றாக அழுத்தி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பதினஞ்சு வருசமா எங்கிட்ட மறைச்சிருக்கீங்க."

"தப்புதான்."

"கட்டின பொண்டாட்டிகிட்ட மறைக்கலாமாங்க?"

"மறைக்கக் கூடாதுதான்."

"சரி, போவட்டும். மனசு கேக்கல, மன்னிச்சிட்டேன். இனிமே நமக்குள்ள ஒளிவு மறைவு கூடாது. நல்லாப் படிச்சி எழுதுங்க."

தர்மராஜுக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்று மாதமாக நெஞ்சில் இருந்த கல் இறங்கியதுபோல் இருந்தது. இப்படிப்பட்ட பெரிய மனசுக்காரியைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று நொந்துகொண்டான். "சக்கரை போட்டு ஒரு காப்பி குடேன்" என்றான்.

"தோ தரேன்" என்றாளே தவிர, மணையை விட்டு அவள் எழுந்திருக்கவில்லை.

வாசலில் சைக்கிள் மணி அடித்தது. சாமிக்கண்ணு மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு பழுப்பு உறை.

"ஃபேக்டரிக்குப் போனேன், நீங்க வூட்டுக்கு ஓடியாந்துட்டதா சொன்னாங்க. இந்தாங்க சார், ஒங்க ஹால் டிக்கெட்டு இப்பதான் மத்தியானக் கட்டுல வந்துச்சு. காலையில நான் குடுத்துட்டுப் போனது ஒங்க வூட்டம்மாவோடது."