மாதப்பனின் தேக்குத் தரை

மாதப்பன் தம் மனைவியைச் சந்தேகப்படாத நாள் ஒன்று உண்டென்றால், அது பெண் பார்க்கப் போன நாள்தான். அன்றைக்கும் கேசரியைச் சந்தேகப்பட்டார்.

சிப்காட் தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசர். அங்கே குறை கண்டுபிடிக்கச் சம்பளம். வீட்டில் அதையே இலவசமாகச் செய்வார்.

இந்த முறை காரணம் பெரிது. தெருவில் யாருக்கும் இல்லாத தேக்குத் தரையைப் படுக்கையறைக்குப் போட்டிருந்தார். ஆடிச் சாரலில் ஒருநாள் வாஷிங் மெஷின் குழாய் கழன்று, தண்ணீர் அறைக்குள் புகுந்து, பலகையெல்லாம் ஓரம் தூக்கிக்கொண்டது. மனைவி சுமலதாவின் அண்ணன் முத்துமணிக்குக் கிருஷ்ணகிரியில் கிரானைட் வியாபாரம். குழாய் தானாகவா கழலும்?

முத்துமணி வந்து பார்த்துச் சிரித்தார். "கல்லு போடுங்க மாப்ளேன்னு அன்னைக்கே சொன்னனில்ல?"

"ஆடி முடியறதுக்குள்ள தரை பழையபடி ஆயிரும் மச்சான். ஆகலன்னா உங்க கல்லையே போட்டுக்கறேன்!"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். தரை போனால்கூடப் பரவாயில்லை, மச்சானின் சிரிப்பை இன்னொரு தரம் தாங்க அவரால் ஆகாது.

தரை இழைக்கிற கந்தன் குத்துக்காலிட்டுப் பார்த்தார். "ஈரத்தோட இழைச்சா காஞ்சப்புறம் நடுவுல புடைச்சுக்குங்க. ஈரம் உறிஞ்சற மெஷினை வாடகைக்கு எடுங்க. அதோட தொட்டியில தண்ணி சேராத அன்னைக்குக் கூப்பிடுங்க."

மெஷின் வந்தது. பெரிய மின்விசிறிகள் வந்தன. கட்டில் ஹாலுக்குப் போனது. அறையைப் பூட்டி, சாவியை மாதப்பன் அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். ஆனால் தொட்டி நிறைந்தால் மெஷின் நின்றுவிடும். மதியம் யாராவது தண்ணீரைக் கொட்ட வேண்டும். இன்னொரு சாவியை வேறு வழியில்லாமல் சுமலதாவிடம் கொடுத்தார். பாலுக்குப் பூனை காவல்!

தொட்டித் தண்ணீர் நாளுக்கு நாள் குறைந்து வந்தது. திடீரென்று ஒரு சாயங்காலம் தளும்பியது. மறுநாளும் தளும்பியது.

"ஏ சுமா, தொட்டி எப்புடி நெறஞ்சுது?"

"எனக்கென்னங்க தெரியும்? மரம் உள்ளுக்குள்ள எவ்ளோ தண்ணி வெச்சிருக்குதோ."

"ரூமுல பெருங்காய வாசம் அடிக்குதே?"

"ஒரிஜினல் தேக்கு காஞ்சா அப்புடித்தானுங்க அடிக்கும். ஏனுங்க, இது ஒரிஜினல்தானே?"

மாதப்பன் குனிந்து பலகையை முகர்ந்து பார்த்தார். சந்தேகம் தீரவில்லை. அண்ணன் ஜெயிக்கத் தங்கச்சி தினமும் தரையில் ஒரு குடம் ஊற்றுகிறாள்! ஆடி முடிய இன்னும் இரண்டே நாள். அரை நாள் லீவு போட்டுவிட்டு மதியமே வீட்டுக்கு வந்தார். படியிலேயே செருப்பைக் கழற்றினார். பூனை நடை நடந்து கதவைத் தள்ளினார்.

"கையும் களவுமா மாட்டுனியா!"

தரையே தெரியவில்லை. இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை பழைய சேலைகள். சேலை முழுக்கக் கூழ் வடகம். நடுவில் கரண்டியோடு பக்கத்து வீட்டு வெங்கடம்மாள்; பக்கத்தில் சுமலதா.

"ஆகண்டி, ஆகண்டி!" என்று தெலுங்கில் அலறியவர், தமிழிலும் அலறினார். "நில்லுங்க, மிதிச்சுராதீங்க சார்!"

"என்னா இது?"

"இவிங்க மகளுக்கு ஆவணியில கல்யாணமுங்க," என்றாள் சுமலதா நிதானமாக. "சீருக்கு வடகம் வேணுமில்ல? இந்தச் சாரல்ல வெயிலுக்கு எங்க போறது?"

"அப்ப என் தரை?"

"அது காஞ்சு ஒரு வாரமாச்சு. தினமும் நீங்க வர்றதுக்குள்ள சேலையைச் சுருட்டி எடுத்துருவோம். தொட்டியில நெறஞ்சதெல்லாம் வடகத்துத் தண்ணிங்க."

மாதப்பனுக்கு உச்சி குளிர்ந்தது. தரை பிழைத்தது. இருந்தாலும் கேட்டார்: "அப்ப உங்கண்ணன் கல்லு?"

"ஐயோ, அது சில்லுன்னு கெடக்கும், ஒண்ணும் காயாது. மரமே இருக்கட்டுங்க."

மாதப்பன் மீசையைத் தடவினார். "கந்தனை இப்பவே வரச் சொல்றேன். ரெண்டு நாள்ல இழைச்சுரலாம்."

"நாளைக்கு மோர் மிளகாய் போடணுமுங்களே."

"ஆடி முடியப் போவுதுடி! உங்கண்ணன் சிரிப்பாரே?"

"சிரிச்சாருங்க," என்றாள் சுமலதா, ஒரு வடகத்தைத் திருப்பிப் போட்டபடி. "ஆவணி கடைசி வரைக்கும் தவணை குடுங்கன்னு நீங்க அழுததா அண்ணன்கிட்டச் சொல்லியிருக்கேன்."