காட்டுக்குப் போகும் வழியில் ஒரு பெட்ரோல் பங்க்

ஓரின் ஹாஸ்கல் கிளம்பும்போதே முடிவு கட்டிவிட்டார். என்ன ஆனாலும் மச்சினி ஊரில் வண்டியை நிறுத்துவதில்லை.

ஒரிகன் கடற்கரையில், கூஸ் பே மர அறுவை ஆலையில் வேலை அவருக்கு. காலமெல்லாம் படுத்த மரத்தையே பார்த்துச் சலித்தவருக்கு, நிற்கிற மரத்தை நிம்மதியாகப் பார்க்க ஆசை. எல்லை தாண்டிக் கலிஃபோர்னியாவுக்குள் போனால், அண்ணாந்து பார்த்தே கழுத்து சுளுக்கும் ரெட்வுட் காடு. அங்கே கூடாரம் போட இடமும் பிடித்துவிட்டார்.

நடுவில் கிரசென்ட் சிட்டி இருந்தது. அதில் மச்சினி நாடின் இருந்தாள். போன வருஷமும் காட்டுக்கென்றுதான் கிளம்பினார். ஒரு வாய் காபிக்கு அவள் வீட்டில் இறங்கியவர், லீவு முழுக்க அவள் வீட்டுக் கூரையில் உட்கார்ந்து ஆணி அடித்தார். காட்டைத் தூரத்தில் பார்த்ததும் அங்கிருந்துதான்.

"காபி ஃபிளாஸ்க்ல இருக்கு. உன் தங்கச்சி வீட்டுப் பேச்சே எடுக்கக் கூடாது," என்றார் மனைவி மார்லிஸிடம்.

"உங்க இஷ்டங்க," என்றாள் அவள். அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டபோதே மனுஷன் உஷாராகியிருக்க வேண்டும்.

வலப்பக்கம் செங்குத்துப் பாறைகளில் அலை வந்து மோதிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வளைவிலும் படமெடுக்க நிறுத்தச் சொன்னாள். எல்லைக்கு முந்தின ஊரில் அவர் பெட்ரோல் போடத் திரும்பியபோது மட்டும், கூட்டமாக இருக்கிறதே, இருட்டுவதற்குள் காட்டுக்குப் போக வேண்டாமா என்று அக்கறையாகக் கேட்டாள். நியாயம்தானே என்று அவரும் தாண்டிவிட்டார். முள் சிவப்பைத் தொட்டது சரியாகக் கிரசென்ட் சிட்டியில்.

பங்க்கில் நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டுக் காத்திருந்தார். யாரும் வரவில்லை. ஹாரன் அடித்தார். கல்லாவில் இருந்தவன் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டான். ஒரிகனில் அப்போதெல்லாம் நம் வண்டிக்கு நாமே பெட்ரோல் போடுவது குற்றம். ஆள் வந்துதான் போடுவான். கலிஃபோர்னியாவில் அவரவரேதான் போட்டுக்கொள்ள வேண்டும். பிறந்ததிலிருந்து அந்தக் குழாயை ஓரின் கையால் தொட்டதில்லை.

"உனக்குப் போடத் தெரியுமா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஐயோ, வண்டி விஷயம் எனக்கு என்னங்க தெரியும்?"

இந்த வயதில் போய், பெட்ரோல் எப்படிப் போடுவது என்று கல்லாக்காரனிடம் கேட்பதா? மானம் போய்விடும். தானே இறங்கினார். முதலில் எடுத்தது டீசல் குழாய், அது டாங்க் வாயிலேயே நுழையவில்லை. அடுத்ததை உள்ளே விடுவதற்கு முன்பே அழுத்தினார். பூட்ஸ் இரண்டும் நனைந்தன. பின்னால் நின்றவன் ஹாரனை விடாமல் அமுக்கினான்.

"பக்கத்துத் தெருதான் நாடின் வீடு," என்றாள் மார்லிஸ் மெல்ல. "நீங்க வேணாம்னா கூப்பிடல."

"கூப்பிட்டுத் தொலை."

போன் வைக்கும் முன்பே நாடின் வந்து நின்றாள். இரண்டே நிமிஷத்தில் டாங்க்கை நிரப்பிவிட்டு, மாமாவுக்குப் பிடிக்குமே என்று நண்டு வேகவைத்திருப்பதாகச் சொன்னாள். வீட்டு வாசலில் ஏணி தயாராகச் சாத்தியிருந்தது. போன வருஷம் கூரையில் முன்பக்கம்தான் முடிந்ததாம்.

லீவு தீர்ந்தது. திரும்பும் வழியில் மார்லிஸே அதே பங்க்கில் நிறுத்தச் சொன்னாள். இறங்கினாள். ஒரு கையால் குழாயைச் சொருகிவிட்டு, மறு கையால் முன்கண்ணாடியையும் துடைத்தாள். ஓரின் ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"தெரியாதுன்னியே?"

"இந்த ஊர்ல பிறந்து வளர்ந்தவளுக்கு இதுகூடவா தெரியாது?"

அவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "நல்லா கேட்டுக்கோ. இப்ப எனக்கும் போடத் தெரியும். அடுத்த வருஷம் எங்கயும் நிக்காம நேரா காட்டுக்குத்தான்."

"கண்டிப்பாங்க," என்றாள் மார்லிஸ். "நாடினும் காட்டோரமாத்தான் ஒரு வீடு கட்டுறா. கூரை ஒண்ணுதான் பாக்கியாம்."