அடுத்த அறைப் புழுக்கள்

பெருமதிப்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் சுகம். அக்காவின் சுகத்தை அவளே ஃபோனில் விரிவாக விளக்கிவிட்டதால் தனியாக விசாரிக்கவில்லை. உங்கள் ஆய்வுக்கூடத்தில் எல்லா மண்ணும் சௌக்கியம் என்று நம்புகிறேன்.

நான் பொறாமைக்காரி இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். அக்கா வேறு மாதிரி சொல்வாள். அவள் சுபாவம் அப்படி. எங்கள் மழலையர் பள்ளியில் என் அறைக்கு அடுத்த அறைக்கு இந்த வருடம் ஒரு புது டீச்சர் வந்திருக்கிறாள். தலைமுடியை வைத்து எல்லோரும் அவளைச் சுருட்டை என்கிறோம். அவளும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்க்கிறாள், அதுவே ஒரு தந்திரம். போன மாதம் ஒரு கண்ணாடித் தொட்டியில் ஈர மண் போட்டு, மண்புழுக்களை விட்டு, சன்னலோரம் வைத்தாள். சத்தம் போட்டால் புழு பயந்துவிடும் என்று ஒரு வார்த்தை சொன்னாள், அவ்வளவுதான், அவள் அறை நூலகமாகிவிட்டது. இத்தனை வருடம் தொண்டை வற்றக் கத்தியும் எனக்குக் கிடைக்காத அந்த நிசப்தத்தை, முதுகெலும்பே இல்லாத ஒரு ஜந்து அவளுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டது.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். என் வகுப்பில் ஒரு சின்னவள் இருக்கிறாள், பள்ளிக்கு வந்த நாளிலிருந்து என் மடியைத் தவிர வேறெங்கும் உட்காராதவள். அவள் ஒரு நாள், "டீச்சர், புழுவுக்குக் கண்ணு இருக்கா?" என்றாள். "முதல்ல சாப்பாட்டு டப்பாவை மூடு" என்றேன். நியாயமான பதில்தானே. அவள் டப்பாவை மூடிவிட்டு நேரே அடுத்த அறைக்குப் போய் அதையே கேட்டிருக்கிறாள். சுருட்டை, "தெரியலையேம்மா, டார்ச் அடிச்சுப் பாக்கலாமா?" என்றாளாம். அன்றிலிருந்து என் மடி காலி.

அதனால்தான் உங்களிடம் புழு கேட்டேன். பாடத்துக்கு என்று சொன்னது பாதி உண்மை. சுருட்டையுடையதைவிடத் தடிமனாகப் பார்த்து அனுப்பினீர்கள், சந்தோஷம். ஆனால் அப்படியே மண்ணும் கையுமாகக் குழந்தைகளிடம் கொடுக்க முடியுமா? குழாயில் நன்றாக அலசி, வெள்ளைத் தட்டில் காகிதத் துண்டு விரித்து, வரிசையாகப் படுக்கவைத்தேன். எங்கள் பள்ளியில் எதைத் தொடும் முன்னும் கைக்குக் கிருமிநாசினி தடவ வேண்டும் என்பது சட்டம், எல்லோருக்கும் தடவினேன். முதல் பையன் தொட்டான், புழு துள்ளியது. அடுத்தவள் தொட்டாள், இன்னும் உயரமாகத் துள்ளியது. "டீச்சர், டான்ஸ் ஆடுது" என்று ஒரே ஆரவாரம். அத்தான், ஒரு நிமிடம் நான் ஜெயித்துவிட்டேன். அப்போது வாசலில் நின்று பார்த்த சின்னவள், "இல்ல, எரியுது அதுக்கு" என்றாள். வகுப்பு மொத்தமும் அழ ஆரம்பித்தது. சுருட்டை ஓடிவந்து எல்லாவற்றையும் ஈர மண்ணில் அள்ளிப் போட்டுக்கொண்டு, "பரவால்ல டீச்சர், எனக்கும் முதல்ல தெரியாது" என்றாள். திட்டியிருந்தால் தேறியிருப்பேன். இப்போது என் புழுக்களும் அவள் தொட்டியில்தான் இருக்கின்றன. உயிர் பிழைத்து, கொழுத்து, நன்றிகெட்டு வாழ்கின்றன.

ஆகவே ஓர் உதவி. தொட்டிப் புழு சின்னக் குழந்தைகளுக்கு ஆகாது என்று எங்கள் தலைமையாசிரியைக்கு நாலு வரி எழுதுங்கள். புரியாத வார்த்தை இரண்டு இருக்கட்டும். நீங்கள் நேர்மையானவர் என்பதால்தான் நாலு வரியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அக்காவுக்கு அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம். எல்லோரும் நன்றாக இருக்கட்டும். எல்லோரும் என்றால் நம் குடும்பத்தைச் சொல்கிறேன்.

உங்கள் அன்பு மைத்துனி

பி.கு.: ஸ்டாம்ப் வாங்க மறந்ததில் இந்தக் கடிதம் ஒரு வாரம் கைப்பையிலேயே கிடந்தது. இதற்கிடையில் சுருட்டை கடைவாய்ப் பல் பிடுங்க லீவில் போனாள். "உங்களைத் தவிர வேற யாரையும் நம்பி விட முடியாது டீச்சர்" என்று தொட்டியை என் அறையில் வைத்துவிட்டுப் போனாள். இரண்டு வகுப்புக் குழந்தைகளும் இப்போது என் அறையில் கிசுகிசுத்துக்கொண்டு இருக்கிறார்கள். சின்னவள் என் மடியில் உட்கார்ந்து டார்ச் பிடிக்கிறாள். இன்று காலை சுருட்டை வீங்கிய கன்னத்தோடு திரும்பி வந்து, சன்னல் வழியாக எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும், பாவம். எனவே மேலே கேட்டதை எழுத வேண்டாம். அதற்குப் பதிலாக, புழுத் தொட்டியை ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு மாற்றினால் புழுக்களுக்கு ஆகாது என்று எழுதுங்கள். அவசரம்.